இரண்டு உலை

ஒரு வீட்டில் ஒருவர் டயட்டில் இறங்கிவிட்டால் அந்த வீட்டு அடுப்பில் சின்னப் பாத்திரம் ஒன்று கூடுதலாக ஏறிவிடுகிறது. குக்கரில் எல்லோருக்கும் சோறு, பக்கத்து பர்னரில் அரை ஆழாக்குச் சாமை. பொரியலுக்குத் தேங்காய் தூவுவதற்கு முன்னால் ஒரு கிண்ணம் தனியாக எடுத்து மூடி வைத்தாக வேண்டும். சாம்பார் ஒன்றுதான், ஆனால் உப்பு முழுதாக விழுவதற்குள் இரண்டு கரண்டி வேறு பாத்திரத்துக்குப் போயாக வேண்டும். காலையில் பள்ளி வேன் வாசலில் ஹாரன் அடிக்கிற நேரத்தில் இந்த எடுத்துவைத்தலில் ஏதாவது ஒன்று மறந்துபோகும். மறந்த அன்றைக்கு ஒரு முகச்சுளிப்பு, "இதக்கூட ஞாபகம் வெச்சுக்க முடியாதா?" என்று ஒரு கேள்வி. முன்பெல்லாம் கூட்டுக்குடும்பத்தில் இரண்டு உலை ஏறினால் அது ஊருக்கே செய்தி. பாகப்பிரிவினை நெருங்கிவிட்டதென்று பெரியவர்கள் வந்து உட்கார்ந்து பேசுவார்கள். இன்று நான்கு பேர் இருக்கிற அடுக்ககத்தில் தினமும் இரண்டு உலை ஏறுகிறது. பேச யாரும் வருவதில்லை.

டயட்டைப் பற்றித் தமிழில் இன்று நடக்கிற பேச்சு கொஞ்சநஞ்சமல்ல. வார இதழ்களின் இணைப்பு, காலை நேரத் தொலைக்காட்சி, யூடியூப், சொந்தக்காரர்களின் வாட்ஸப் குழு என எங்கு திரும்பினாலும் எதைச் சாப்பிடலாம், எதைத் தொடக்கூடாது, எத்தனை மணிக்குள் முடிக்க வேண்டும் என்பதற்குப் பதில் தயாராக இருக்கிறது. அந்தப் பேச்சு முழுதும் சாப்பிடுகிறவரையே சுற்றி வருகிறது. அவருடைய மனவுறுதி, அவருடைய இடுப்பளவு, அவருடைய மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி. அவர் தட்டில் வந்து விழுகிற சாமைச் சோற்றில் கல் அரித்தது யார், அதற்காக எத்தனை மணிக்கு எழுந்தார் என்பது ஓரத்தில்கூட வராது. ஆரோக்கியத்துக்கு எதிராக வாதாட யாருக்கும் மனம் வருவதில்லை. அதனாலேயே இந்த உறுத்தலை வாய்விட்டுச் சொல்வதும் சிரமமாகிவிடுகிறது. சர்க்கரை இறங்கியிருக்கிறது என்று ஆய்வக அறிக்கை கையில் இருக்கும்போது, அதற்காக யார் எவ்வளவு உழைத்தார் என்று கணக்குக் கேட்பவர் கொஞ்சம் அற்பமாகத்தான் தெரிவார்.

யாரும் ஆசைக்காக மட்டும் டயட்டுக்குப் போகவில்லை என்பதும் உண்மை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்துக்காகச் சென்னையின் மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனம் நாடு முழுக்க நடத்தி 2023இல் வெளியிட்ட ஆய்வு, பத்துக் கோடிக்கு மேற்பட்டோருக்குச் சர்க்கரை நோய் என்றது. தமிழ்நாட்டில் பெரியவர்களில் 14.4 விழுக்காடு, அதாவது ஏறத்தாழ ஏழில் ஒருவர். ஏழில் ஒருவருக்குத் தனிச்சமையல் என்றால் அது எத்தனை சின்னப் பாத்திரம்!

சர்க்கரை நோய் மருத்துவமனைகளில் உணவு ஆலோசகருக்கென்று ஓர் அறை இருக்கும். மேஜையில் பிளாஸ்டிக் இட்லி, பிளாஸ்டிக் சப்பாத்தி, ஒரு கப் பிளாஸ்டிக் சாதம். கணவருக்குச் சர்க்கரை, இருவருமாக வந்து உட்காருகிறார்கள். முதல் இரண்டு நிமிடம் ஆலோசகர் அவரிடம் பேசுகிறார். நடக்கிறீர்களா, புகை உண்டா, இரவு எத்தனை மணிக்குச் சாப்பாடு. பிறகு பார்வை பக்கத்து நாற்காலிக்கு நகர்ந்துவிடுகிறது. "அம்மா, சாருக்கு எண்ணெயக் கொறச்சுக்கோங்க. தலைக்கு மாசம் அரை லிட்டருக்கு மேல போகக்கூடாது. தேங்கா அரைச்சு விடாதீங்க. பதினோரு மணிக்கு மோர், நாலு மணிக்குச் சுண்டல், மறக்காம குடுத்துருங்க." அந்த அம்மாள் தலையாட்டிக்கொண்டே கைப்பையில் பேனா தேடுகிறார். சார் கைபேசியைப் பார்க்கத் தொடங்கியிருப்பார். இதையே திருப்பிப் போட்டுப் பார்க்கலாம். சர்க்கரை அந்த அம்மாளுக்கு என்றாலும் ஆலோசகரின் பார்வை அந்த அம்மாளிடம்தான் நிற்கும். "சார், நாலு மணிக்கு அம்மாவுக்குச் சுண்டல் வேக வெச்சுக் குடுங்க" என்று எவராவது சொல்லிக் கேட்பது அபூர்வம். ஆலோசகர்களில் பெரும்பாலோர் இளம்பெண்கள். வீட்டுக்குப் போனால் அவர்களுக்கும் ஓர் அடுப்பு காத்திருக்கிறது. அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. டயட் எங்கே நடக்கிறதென்று அவர்களுக்குத் தெரியும், அவ்வளவுதான். எண்ணெய்த் தூக்கை வாணலிக்கு மேல் சாய்க்கிற மணிக்கட்டில் அது நடக்கிறது. ஒரு கிராம் எண்ணெய்க்கு 9 கலோரி. மரச்செக்கில் ஆட்டியது என்றாலும் அதே 9தான். ஒரு மேஜைக்கரண்டி கூடுதலாகச் சரிந்தால் நூற்றிருபது கலோரிக்கு மேல் ஏறிவிடும். உண்பவரின் உறுதியெல்லாம் அந்தச் சாய்வுக்குப் பிறகு வருவது.

ஆலோசகர் எழுதித் தருகிற சீட்டில் பரிந்துரைக்கப்படும் காய்களையும் கொஞ்சம் கையில் எடுத்துப் பார்க்க வேண்டும். வாழைப்பூ என்று எழுத ஒரு நொடி போதும். மடலை உரித்தால் உள்ளே சீப்புச் சீப்பாகப் பூக்கள். ஒவ்வொரு பூவிலிருந்தும் தலை தடித்த கள்ளனையும், அடியில் ஒட்டிக்கொண்டிருக்கும் மெல்லிய செதிலையும் கிள்ளி எடுக்க வேண்டும். விட்டுவிட்டால் அது வேகாது, பல்லில் நார் நாராகச் சிக்கும். பால் கசிந்து விரல் நுனி பிசுபிசுக்கும். நல்லெண்ணெய் தடவிக்கொண்டு உட்கார்ந்தாலும் நகக்கண்ணில் ஏறிய கறுப்பு மறுநாள் அலுவலகம் வரை கூட வரும். அரிந்ததை உடனே மோர்த் தண்ணீரில் போடாவிட்டால் பூவும் கறுத்துவிடும். அரை மணி நேரம் குனிந்து உட்கார்ந்து ஆய்ந்த ஒரு பூ, வெந்து சுருங்கிய பின் ஆளுக்கு ஒரு கைப்பிடி தேறும். வாழைத்தண்டென்றால் ஒவ்வொரு வில்லைக்கும் நாரை விரலில் சுற்றிச் சுற்றி எடுக்க வேண்டும். முருங்கைக்கீரையை உருவ நேரமில்லாதவர்கள் முதல் நாள் இரவே துணியில் சுற்றி வைத்துவிடுவார்கள். காலையில் உதறினால் இலை தானே உதிரும். ஆனால் அதை ராத்திரியே நினைத்துக்கொள்ள ஒரு மூளை வேண்டும். பயறு முளைகட்டவும் அப்படித்தான்: இன்று ஊறப்போட்டு, நாளை ஈரத்துணியில் கட்டி, மறுநாள் எடுப்பது. மாறாக உருளைக்கிழங்கும் அப்பளமும் சேமியாவும் பத்து நிமிடத்தில் தட்டுக்கு வந்துவிடும். உடம்புக்கு நல்லது என்று பெயர் எடுத்தவற்றில் பெரும்பாலானவை கைவேலை கேட்கிறவை. அந்தக் கைகளின் கணக்கு அரசிடமும் இருக்கிறது: 2024ஆம் ஆண்டின் நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, சம்பளமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்கு நாளொன்றுக்குச் சராசரியாக 289 நிமிடம் செலவிடுகிறார்கள், ஈடுபடும் ஆண்கள் 88 நிமிடம்.

இதில் ராத்திரிச் சப்பாத்தியின் கதை தனி. தமிழ் வீடுகளில் டயட்டின் முதல் அடையாளம் அதுதான். மதியச் சோறு மிச்சமிருந்தால் இரவுக்கு ரசமும் மோரும் போதும் என்றிருந்த வீட்டில், எட்டு மணிக்கு மாவு பிசைந்து, உருட்டி, தேய்த்து, கல்லில் போட்டு எடுக்கிற வேலை புதிதாக வந்து சேர்ந்தது. சூடாக இருந்தால்தான் சப்பாத்தி. ஆகவே ஒருவர் கல்லின் முன் நிற்க, மற்றவர்கள் ஒவ்வொன்றாக வாங்கிச் சாப்பிட்டு எழுந்துபோவார்கள். நிற்பவருக்குக் கடைசியில் காய்ந்த இரண்டு. இத்தனைக்கும் கிடைப்பது என்ன? ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் பழைய அட்டவணைப்படி 100 கிராம் பச்சரிசியில் 345 கலோரி, முழுக்கோதுமை மாவில் 341. சாமையிலும் 341. கேழ்வரகில் 328. நார்ச்சத்தில் வித்தியாசம் உண்டு, சர்க்கரை ஏறுகிற வேகத்தில் வித்தியாசம் உண்டு. கேழ்வரகின் சுண்ணாம்புச்சத்து பெரிய வரவு. ஆனால் எடை குறைவது பெரும்பாலும், சப்பாத்தியை எண்ணிச் சாப்பிடுகிறார்கள், சோற்றை எண்ணுவதில்லை என்பதால்தான். இரண்டு சப்பாத்திக்கு ஈடான சோற்றை ஒரு கிண்ணத்தில் அளந்து போட்டிருந்தால் பூரிக்கட்டையைக் கையில் எடுக்கவே வேண்டாம்.

சப்பாத்தி மீதான இந்த மரியாதைக்குக் குன்னூரில் ஒரு பழைய எலிக்கதை இருக்கிறது. இன்றைய ஹைதராபாத் நிறுவனம் 1918இல் பிறந்தது குன்னூரில், பெரிபெரி நோயை ஆராய்வதற்காக ராபர்ட் மெக்காரிசன் தொடங்கிய சிறு பிரிவாக. அங்கே அவர் எலிகளைக் குழு குழுவாகப் பிரித்து, சீக்கியர் உணவு, பட்டாணியர் உணவு, வங்காளி உணவு, மதராசி உணவு என்று வளர்த்துப் பார்த்தார். சீக்கிய எலிகள் கொழுகொழுவென்று வளர்ந்தன. மதராசி எலிகள் வரிசையின் கடைசியில் நின்றன. சீக்கிய எலிக்குச் சப்பாத்தியோடு பாலும் வெண்ணெயும் பருப்பும் பச்சைக்காய்களும் கிடைத்தன, மதராசி எலிக்குச் சோறே பெரும்பங்கு என்ற விவரம் பிற்பாடு யாருக்கும் அவ்வளவாக நினைவில்லை. எலிகளுக்குச் சமைத்தவரைப் பற்றி யாரும் கேட்கவில்லை என்று எழுதத் தோன்றுகிறது. கொஞ்சம் அதிகப்படிதான், இருக்கட்டும்.

பெரிபெரி என்றதும் வெள்ளையரிசிக்கு வந்தாக வேண்டும். இன்று எல்லா டயட்டுக்கும் பொது வில்லன் அதுதான். நெல்லிலிருந்து உமியையும் தவிட்டையும் நீக்குகிற வேலை வெகுகாலம் உரலும் உலக்கையுமாகப் பெண்கள் கையில் இருந்தது. இருபதாம் நூற்றாண்டில் அரிசி ஆலைகள் பரவியபோது தவிடு முழுக்கப் போயிற்று, அதோடு தயமின் என்கிற பி1 வைட்டமினும் போயிற்று. அன்றைய மதராஸ் மாகாணத்தில் ஆலையில் தீட்டிய பச்சரிசியைத் தின்ற ஆந்திரக் கடலோர வடசர்க்கார் மாவட்டங்களில், அந்த வைட்டமின் குறைவால் வரும் பெரிபெரி வாட்டியது. நெல்லை அவித்துக் குத்திப் புழுங்கலாகத் தின்ற தமிழ் மாவட்டங்கள் தப்பின. 1934இல் காந்தி அகில இந்திய கிராமத் தொழில் சங்கத்தைத் தொடங்கி, தஞ்சாவூரில் பிறந்த ஜே.சி. குமரப்பாவைச் செயலாளராக்கியபோது, அதன் முக்கியமான வேலைகளில் ஒன்று கைக்குத்தல் அரிசியை மீட்பது. சத்து இருக்கிறது, கிராமத்துக்கு வேலையும் கிடைக்கிறது என்ற குமரப்பாவின் வாதத்தில் பிழை இல்லை. கூலிக்கு நெல் குத்திய ஏழைப் பெண்களின் பிழைப்பை ஆலை பறித்தது. சொந்த வீட்டுக்குக் குத்தியவர்களின் இடுப்பு வலியையும் அதே ஆலைதான் பறித்தது. முதலாவதை எல்லோரும் எழுதினார்கள். இரண்டாவதை உலக்கை பிடித்தவர்கள் எழுதவில்லை. நெல்லைத் தூக்கிக்கொண்டு ஆலைக்குப் போனார்கள். வெள்ளைச் சோறு தமிழ்நாட்டைப் பிடித்துக்கொண்டதற்கு அந்தஸ்து ஒரு காரணம், ரேஷன் ஒரு காரணம். மூன்று விசிலில் வேலை முடிந்துவிடும் என்பதும் ஒரு காரணம். இன்று கடையில் பொட்டலமாகக் கிடைக்கிற கைக்குத்தல் அரிசிக்குக் கையும் தேவையில்லை, குத்தலும் தேவையில்லை. ரப்பர் உருளை எந்திரம் உமியை மட்டும் நீக்கிக் கொடுத்துவிடுகிறது. அதை ஊறவைத்து வேகவைக்கிற நேரம்தான் இன்னும் எந்திரத்தின் கைக்குப் போகவில்லை.

சிறுதானியத்துக்கு என்ன ஆயிற்று என்பதைக் கொல்லிமலை சொல்லும். சாமையும் கேழ்வரகும் விளைந்த சரிவுகளில், சேலம், நாமக்கல் ஜவ்வரிசி ஆலைகளின் தேவைக்காக மரவள்ளி ஏறியது. பணப்பயிர் வந்தது ஒரு பக்கம். சாமையின் உமியை உரலில் இடித்து நீக்குகிற வேலையைச் செய்து அலுத்துப்போனது இன்னொரு பக்கம். எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990களில் அங்கே சிறுதானியத்தைக் காப்பாற்ற இறங்கியபோது விதையை மட்டும் கொண்டுபோகவில்லை. உமி நீக்கும் எந்திரங்களையும் ஊருக்குள் கொண்டுபோய்ப் பெண்கள் குழுக்களிடம் கொடுத்தது. சத்தைப் பற்றிய பிரசங்கத்தைவிட அந்த எந்திரம் சமைப்பவரின் பாஷையை நன்றாகப் பேசியது. 2023ஐ ஐக்கிய நாடுகள் சபை உலகச் சிறுதானிய ஆண்டாகக் கொண்டாடியபோது நகரத்து மேடைகளில் பாட்டிமார்களின் உணவு, பாட்டிமார்களின் ஞானம் என்று நிறையப் பேசினார்கள். பாட்டிமார்கள் ஏன் அதைக் கைவிட்டார்கள் என்ற பேச்சு அவ்வளவாக வரவில்லை.

டயட்டில் இருப்பவரே சமைப்பவராகவும் இருந்துவிட்டால் கணக்கு இன்னும் சிக்கலாகிறது. ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 40.4 விழுக்காட்டினருக்கு எடை அதிகம். அதே வயதுப் பெண்களில் 53.4 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை. குண்டானவர்கள் வேறு, சோகை பிடித்தவர்கள் வேறு என்று பிரித்துவிட முடியாது. இரண்டும் ஒரே உடம்பில் சேர்ந்திருப்பதை மருத்துவர்கள் தினமும் பார்க்கிறார்கள். அந்த உடம்புக்கு வேண்டியது குறைவான சோறும் கூடுதலான கீரையும் முட்டையும் ஈரலும்தான். நடப்பது என்னவோ, கீரையும் முட்டையும் மற்றவர்கள் தட்டுக்குப் போன பிறகு குக்கர் அடியில் நிற்கிற சோறு. பிள்ளை பாதியில் வைத்துவிட்டுப் போன தோசையின் மொறுமொறு ஓரம், வீணாகப் போகிறதே என்று வாயில் போட்டுக்கொண்டது, உப்புப் பார்த்த இரண்டு வாய் குழம்பு, இவையெல்லாம் எந்தச் சீட்டிலும் ஏறுவதில்லை. 1944, 45இல் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்சல் கீஸ் 36 ஆண்களை ஆறு மாதம் அரைவயிறாக வைத்து ஆராய்ந்தார். பசியில் அவர்கள் சமையல் புத்தகங்களைச் சேர்த்துப் படிக்கத் தொடங்கினார்கள் என்பது அதில் பதிவானவற்றுள் ஒன்று. இன்றைக்கு டயட்டில் இருப்பவர் படுக்கையில் கிடந்து ஆம்பூர் பிரியாணி வீடியோ பார்ப்பது அதன் தொடர்ச்சிதான். சமைக்கிற பெண்ணுக்கு வீடியோ தேவைப்படாது. தன் ஓட்ஸ் கஞ்சி ஒரு பக்கம் ஆறிக்கொண்டிருக்க, அவர் பிள்ளைகளுக்குச் சிக்கன் பொரித்துக்கொண்டிருப்பார். மனவுறுதி என்று இதைப் பாராட்டலாம். ஒன்பது மணி வரை கணவருக்காகச் சாப்பிடாமல் காத்திருந்த காலத்தில் அதை யாரும் இண்டர்மிட்டன்ட் ஃபாஸ்டிங் என்று அழைக்கவில்லை.

எதிர்வாதம் இல்லாமலில்லை. இப்போது ஆண்கள் சமைக்கிறார்கள். பத்தாண்டுகளுக்கு முன் முகநூல் வழியாகத் தமிழில் பரவிய பேலியோவில், நூறு பாதாமும் நான்கு முட்டையும் வெண்ணெயும் பனீருமாகத் தன் பாட்டைத் தானே பார்த்துக்கொண்ட ஆண்கள் நிறைய. பாதாமை ஊறவைக்க யாருடைய தயவும் வேண்டாம். அந்த உணவுமுறையைப் பற்றி மருத்துவர்களுக்கு என்ன கருத்து வேறுபாடு இருந்தாலும், சாப்பிடுகிறவனையே அடுப்பு முன் நிறுத்தியது என்ற ஒரு புண்ணியம் அதற்கு உண்டு. வசதியுள்ளவர்களுக்குச் சென்னையிலும் கோவையிலும் டயட் சாப்பாட்டை டப்பாவில் கட்டி வீட்டுக்கே அனுப்புகிறார்கள். அங்கும் வாழைப்பூ ஆய்வது யாரோ ஒரு பெண்ணாக இருக்கக்கூடும். அவருக்குச் சம்பளமாவது உண்டு. சமையலில் சந்தோஷமே இல்லையா, அன்புக்காகச் செய்வதைக் கூலிக் கணக்காக்கலாமா என்றும் கேட்கப்படும். கணவரின் சர்க்கரை அறிக்கையைப் பார்த்து மனைவி அடைகிற நிம்மதி பொய்யல்ல. அந்த நிம்மதியைக் காரணம் காட்டித்தான் இரண்டாவது உலையும் ஏற்றப்படுகிறது என்பதும் பொய்யல்ல.

வேலையைக் கூட்டாத ஆரோக்கியமும் இருக்கிறது, ஆனால் அதற்கு அவ்வளவு விளம்பரமில்லை. வெந்த சோறு ஆறிக் குளிரும்போது அதன் மாவுச்சத்தில் ஒரு பகுதி எளிதில் செரிக்காத வகையாக மாறுகிறது. 2015இல் கொழும்பு வேதியியல் அறிவியல் கல்லூரியின் மாணவர் சுதைர் ஜேம்சும் ஆசிரியர் புஷ்பராஜா தவராஜாவும், சோறு வேகும்போது ஒரு தேக்கரண்டி தேங்காயெண்ணெய் விட்டு, வெந்ததைப் பன்னிரண்டு மணி நேரம் குளிரவைத்தால் அந்த வகை மாவுச்சத்து கூடுகிறது என்று அமெரிக்க வேதியியல் சங்கத்தின் கூட்டத்தில் அறிவித்தார்கள். சர்க்கரை நோயாளி குண்டான் நிறையப் பழைய சோறு சாப்பிடலாம் என்று இதற்கு அர்த்தமில்லை, அளவு அளவுதான். ஆனால் முந்தின நாள் சோற்றில் தண்ணீர் ஊற்றி மூடி வைப்பதற்கு மேல் அதில் வேலை எதுவும் கிடையாது. காலையில் அடுப்பே பற்ற வேண்டாம். ஒரு சின்ன வெங்காயம், கொஞ்சம் மோர். எண்ணெயைக் குறைப்பதும் உப்பைக் குறைப்பதும் சோற்றைக் கிண்ணத்தில் அளப்பதும்கூட இந்த வகைதான்: எல்லாமே சமையல் வேலையைக் கூட்டாதவை. ஒருவருக்கென்று தனியாகச் செய்தால் மட்டுமே அவை வேலையாகின்றன.

ஆகவே தீர்ப்பு இதுதான்: ஒருவருக்கு நல்லது என்று மருத்துவர் சொல்கிற குறைந்த உப்பும் குறைந்த எண்ணெயும் கூடுதல் காயும், சிறுநீரகக் கோளாறு போன்ற தனிக் காரணம் இல்லாத வரை, அந்த வீட்டில் எல்லோருக்கும் நல்லதுதான். ஒரே உலை போதும். வளரும் பிள்ளைக்கு மேலே ஒரு கரண்டி நெய்யோ ஒரு முட்டையோ கூட வைத்துக்கொள்ளலாம். அதைப் பிள்ளையின் அப்பா வைக்கலாம். சாம்பாரில் உப்பு குறைகிறது என்று முதல் வாரம் மேஜையில் சலசலப்பு எழும், பிறகு நாக்கு பழகிவிடும். உணவு ஆலோசகர்களிடம் ஒரு வேண்டுகோள். நீங்கள் எழுதித் தருகிற சீட்டில் வேளை, உணவு, அளவு என்று மூன்று பத்தி இருக்கிறது. இன்னும் இரண்டுக்கு இடமிருக்கிறது: இதைச் சமைப்பவர் யார், அவர் எத்தனை மணிக்குச் சாப்பிடுகிறார். முதல் சந்திப்பிலேயே அவற்றையும் நிரப்பச் சொல்லுங்கள். பேனாவை, பக்கத்து நாற்காலியில் கைபேசி பார்த்துக்கொண்டிருப்பவரிடம் கொடுங்கள்.